பதினொரு மணி வெயில்

ஹாமர்ஃபெஸ்ட்டின் ஜூன் மாதத்துக்கு
இரவு இன்னும் பட்டுவாடா ஆகவில்லை.
பதினொரு மணிக்கும் வெயில்
சமையலறை மேசையில் முழங்கை ஊன்றி
எழுந்து போகத் தெரியாத விருந்தாளியாய்
உட்கார்ந்திருக்கிறது.

ரக்ன்ஹில்ட் இரவுப் பணிக்குக் கிளம்பும்போது
வாசலில் ஒற்றைக் காலில் நின்று
பூட்ஸை இழுத்துக்கொண்டே சொன்னாள்:
"எதை வேண்டுமானாலும் விடு, தோர்கெய்ர்.
வரிசையை மட்டும் மாற்றாதே."

வரிசை அவள் கட்டியது.
மார்ச்சில், தூங்காத மூன்று வாரங்களின் முடிவில்,
ஒரு மின்கட்டண உறையின் பின்பக்கத்தில்.
கஞ்சி, வெந்நீர், கம்பளி உள்ளாடை,
அழுதாலும் சிரித்தாலும் பல்தேய்ப்பு.
அப்புறம் புத்தகம், ஒன்றே ஒன்று.
நாயின் வால் கிழிந்த பக்கத்தில் நிறுத்தி
"வால் எங்கே?" என்று கேட்க வேண்டும்.
"போச்சு" என்பாள் ஈடுன்.
தினமும் போகிற வால். தினமும் அதே நிம்மதி.
கடைசியில் துறைமுகத்துக் கிரேனுக்கு ஒரு குட் நைட்.

நான் மீன் ஆலையில் மேஸ்திரி.
நாற்பது பேரை ஷிஃப்டுக்கு அனுப்புகிறவன்.
இரண்டரை வயதுக்காரி ஒருத்தியைத்
தூக்கத்துக்கு அனுப்ப முடியாதா என்ன?

அன்றைக்குக் கிரேனை விட்டுவிட்டேன்.
தோளில் ஸ்யூர், ஒன்பது மாதம்,
முளைக்கிற பல்லோடு என் காலரை
மென்றுகொண்டே அழுதுகொண்டிருந்தான்.
கிரேன்தானே, இரும்புதானே,
அதற்கென்ன தெரியப்போகிறது.

அவளுக்குத் தெரிந்தது.
தண்ணீர் கேட்டாள். வேறு தண்ணீர் கேட்டாள்.
சாக்ஸைக் கழற்றினாள், மாட்டிவிடச் சொன்னாள்.
தெருவில் கலைமான் ஒன்று
கழுத்து மணி குலுங்க
யார் வீட்டு டியூலிப்பையோ மேய்ந்தது.
அது மட்டும் தூங்கலையே என்பதுபோல்
என்னைப் பார்த்தாள்.
எட்டு, ஒன்பது, பத்தே முக்கால்.

இதில் கறுப்புத் திரையின் கொக்கி வேறு கழன்றது.
விரற்கடை அகலம்தான் இடுக்கு.
அதன் வழியே சூரியன் முழுசாய் நுழைந்து
சுவரில் ஒரு மஞ்சள் கோடாய் நின்றுகொண்டது.
அவள் எழுந்து உட்கார்ந்தாள்.
திட்டுவதா கெஞ்சுவதா என்று தெரியாமல்
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தலையணையோரத் துணியை எடுத்து
அந்தக் கோட்டின் முகத்தைத் துடைத்தாள்.
விரலால் அதற்குப் பல் தேய்த்தாள்.
புத்தகத்தைத் தலைகீழாய் விரித்து
"வால் எங்கே?" என்று கேட்டு
அது பதில் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.
நான் ஒருநாளும்
அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.
பிறகு குரலைத் தாழ்த்தி
(என் குரல்தான், அதே கரகரப்பு)
"போதும், இன்னிக்கு எல்லாம் முடிஞ்சுது" என்றாள்.
உள்ளங்கையை வெளிச்சத்தின் மேல் வைத்து
ஒரு தட்டு. ஒரு தட்டு.
இடைவெளி விட்டு இன்னொன்று.
கை சரிந்தது.
வெளிச்சம் தூங்கவில்லை,
அவள் காதுமடலைச் சிவக்க வைத்துக்கொண்டு
இருந்தபடியே இருந்தது.

ஸ்யூர் எப்போது அடங்கினான்
என்று நான் கவனிக்கவே இல்லை.
சட்டையில் எச்சில் ஈரம், கழுத்தில் சூடான மூச்சு.
ஜன்னலோரம் போய்த் திரையை லேசாய் விலக்கி
கிரேனுக்குக் குட் நைட் சொன்னேன்.
மேலே ஓர் ஆள் கையுறையோடு கை அசைத்தான்.
எனக்குத்தானா தெரியாது. நானும் அசைத்தேன்.

ஏழரைக்கு வந்த ரக்ன்ஹில்ட்
ரொட்டிப் பையைக்கூடக் கீழே வைக்காமல்
"வரிசை?" என்றாள்.
"மாறவில்லை" என்றேன், பாதி பொய்யாக.
உறையின் கடைசி வரிக்குக் கீழே
என் கோணல் எழுத்தில் பென்சிலால் ஒன்று கிடந்தது:
வெயிலுக்கும் ஒரு தடவை.

படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.
கோடு அங்கே இல்லை.
இப்போது அடுப்படியில், கெட்டிலின் மேல்,
நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு.